வலேட்டாவின் ராயல் ஓபரா ஹவுஸ்: கூரையில்லாத அரங்கில் ஒரு கச்சேரி

மத்தியதரைக்கடல் தீவு நாடான மால்டா பக்கம் வந்தவர்கள் தலைநகர் வலேட்டாவின் நகர வாசலைத் தாண்டியதும், புது நாடாளுமன்றத்தை அடுத்து வலது கைப்பக்கம் மொட்டையாக நிற்கும் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். பலர் ரோமானியர் காலத்து இடிபாடு என்று நினைத்து போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது 1866ல் இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் ஓபராவோடு (பாடியே நடிக்கும் இசை நாடகம்) திறந்த ராயல் ஓபரா ஹவுஸ். லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கைக் கட்டிய எட்வர்ட் பேரிதான் இதையும் வரைந்தார்.

அங்கே நடந்த ஒரு கச்சேரிக்குச் சீக்கிரமே போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எழுபது தாண்டிய உள்ளூர்க்காரர். பேச்சுக் கொடுத்ததும், "நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துலதான் சின்ன வயசுல என் காரை நிறுத்துவேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிஜம்தான், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல வருஷங்கள் இந்த இடம் கார் நிறுத்துமிடமாகவே கிடந்திருக்கிறது.

1873ல் ஒத்திகையின்போது தீப்பிடித்து உள்ளே எல்லாம் போச்சு. மால்டாவின் சுண்ணாம்புக்கல் அந்தச் சூட்டில் நீறிப்போக, வெளிச்சுவர் மட்டும் தப்பியது. நாலே வருஷத்தில் சரிசெய்து 1877ல் வெர்டியின் ஐடா என்ற ஓபராவோடு மறுபடி திறந்துவிட்டார்கள். ஆனால் 1942 ஏப்ரல் 7 சாயங்காலம் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டுக்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. 1950களில் போட்டி வைத்து ஒரு வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தும் வேலை நடக்கவில்லை, அப்புறமும் திட்டங்கள் வந்து வந்து போயின. குண்டைவிட இந்த இழுத்தடிப்புதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அந்த அரங்கில் பாட்டுக் கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தது இந்த வருஷங்களில்தான்.

பெரியவர் காட்டிய ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பேரி வரைந்தபோது தெருவின் சரிவைக் கணக்கில் எடுக்கவில்லை, அதனால் கட்டும்போது தெருப்பக்கம் உயரமாக ஒரு கல்திண்ணை எழுப்பி மட்டம் பண்ணியிருக்கிறார்கள். குண்டுக்குத் தப்பியது அந்தத் திண்ணையும் சில தூண்களின் அடிப்பாகமும்தான்! கிட்டப் போய்ப் பாருங்கள், தூண் மேலே வெடித்து நிற்கிறது, கீழே உளி செதுக்கிய வளையம் அப்படியே இருக்கிறது.

இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ இதைத் திரும்பக் கட்டாமல், இடிபாட்டுக்குள்ளேயே இரும்புக் கம்பங்களும் நாற்காலிகளும் வைத்து, 2013 ஆகஸ்டில் திறந்தவெளி அரங்கமாக்கினார். பழையபடியே கட்டியிருக்க வேண்டும், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று பெரியவருக்குக் கோபம். தெருச் சத்தம் உள்ளே வருவது உண்மைதான், மெல்லிய இடங்களில் வயலின் காதில் சரியாக விழவில்லை. இருந்தாலும் அச்சு அசலாக ஒரு நகலைக் கட்டியிருந்தால் இங்கே என்ன நடந்தது என்று என்னைப் போல வெளியிலிருந்து வருகிறவனுக்குத் தெரிந்தே இருக்காது என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் யாராவது அங்கே நிகழ்ச்சி பார்த்திருந்தால் சத்தம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். கூரையோடு கேட்க ஆசைப்பட்டால் சில தெரு தள்ளி 1731ல் கட்டிய மனுவல் தியேட்டர் இன்னமும் நடக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.