காக்கா விரட்டும் தாத்தா கதை சொன்னால் புரியுமா?

கல்லிடைக்காரி:
அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. நான் எழுதுற சிரிப்புக் கதையைச் சொல்றவர் எழுபது வயசுப் பெரியவர். கல்லிடைக்குறிச்சியில ஒரு அப்பளக் கம்பெனி மொட்டைமாடியில காக்கா விரட்டுற வேலை. ஊர்ல எது நடந்தாலும் நொண்டிக் காக்கா ஒண்ணுதான் காரணம்னு உறுதியா நம்புறார். பேத்தி கல்யாணத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குறதுக்குள்ள காக்கா வந்திரும். வருஷக் கணக்கெல்லாம் கிடையாது, 1992 வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா, அவ்வளவுதான். 2023 டிசம்பர்ல மறுபடி தாமிரபரணி பெருகினதும் அந்தக் கணக்கும் குழம்பிப்போச்சு.

இப்படித்தான் பேசுவார்:

“நான் பொய் சொல்லல, கேட்டியா. மேக்க பொதிகைப் பக்கம் இருட்டுது, இவ அப்பளத்தை விரிக்கா. ‘வேண்டாம்ளா’ன்னேன். கேக்கணும்லா? அந்தச் சவம் கைப்பிடிச்சுவர்ல இருந்து என்னையே பாக்கு. மழை வரும்னு அதுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மொதலாளிக்குத்தான் தெரியல.”

சென்னைத் தோழி படிச்சிட்டு, “பாக்குன்னா வெத்தலைபாக்கா?”ன்னு கேட்டா. கல்யாணத்தை முதல்ல கொண்டுவா, காக்காவைக் குறைன்னும் சொல்றா. எங்க தாத்தா இப்படித்தான் பேசுவாங்க. அந்தப் பேச்சுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன். என்ன செய்ய?

பேட்டை வாசகன்:
‘பாக்கு’ங்கிறதை மட்டும் ‘பாக்குது’ன்னு மாத்திருங்க. வேற பொருள் வந்து குறுக்க நிக்கிற சொல்லைத்தான் தொடணும். ‘விரிக்கா’ அப்படியே இருக்கட்டும், பக்கத்துல அப்பளம் இருக்குல்லா, யாருக்கும் புரியும். நம்ம பேச்சோட உயிர் ‘கேட்டியா’விலயும் ‘கேக்கணும்லா’விலயும் இருக்கு. அதுல கை வச்சா தாத்தா செத்துருவார்.

குடக்காரர் மருமகன்:
எங்க மாமா வில்லுப்பாட்டுல குடம் அடிச்சவங்க. சின்ன வயசுல கோடைக்குக் கோடை அவங்க பின்னாடியே போய், விடிய விடிய உக்காந்து கேட்டிருக்கேன். முன்னால இருந்து பாடுற அண்ணாவி, வில்லை அடிக்கிற வீசுகோலைத் தூக்கிக்கிட்டு ஒரு வரி சொன்னா, பக்கத்துல உள்ளவர் “ஆமா”ம்பார். சில இடத்துல “அதெப்படி?”ன்னு மறிப்பார். கூட்டம் அங்கதான் சிரிக்கும், ஏன்னா நாம கேக்க நினைச்சதை அவர் கேட்டுருவார். உங்க தாத்தாவுக்கு ஆமா போட ஆளில்லை. அப்பளம் விரிக்கிற பொம்பளையையே போட வையுங்க. அவ கல்யாணத்தைக் கேக்கட்டும், இவர் காக்காவைச் சொல்லட்டும். ஒரு காக்காவையும் குறைக்க வேண்டாம்.

வடகத்து ஆச்சி:
எனக்குக் கதை எழுதத் தெரியாது. அப்பளம் இடத் தெரியும். உளுந்தப்பளத்தை நாள் முழுக்க வெயில்ல போடக்கூடாதும்மா, ஓரம் சுருண்டு ஒடிஞ்சிரும். கொஞ்சம் காஞ்சதும் எடுத்திரணும். அப்புறம் பகல் பூரா மாடியில தாத்தாவுக்கு என்ன சோலி? கூழ் வடகமும் பிழியச் சொல்லு. ஈர வடகம்னா காக்கா விடாது. நாங்க கருப்புக் குடையை விரிச்சு நடுவுல வச்சிருவோம். ரெண்டு மூணு நாளைக்குப் பயப்படும், அப்புறம் அது மேலயே வந்து உக்காரும்.

கல்லிடைக்காரி:
ஆச்சி, அந்தக் குடையை எடுத்துக்கிட்டேன்! நேத்து ராத்திரியே எழுதிப் பாத்தேன்:

“ஆமா தாத்தா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாவளா?”

“வந்தாவ, வந்தாவ. நாப்பது பேரு. எல்லாரும் கருப்புக் குடையோட வந்தாவ. அதுல ஒரு குடை மேலதான் அது இருந்தது.”