அண்ணா, அகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்: கச்சேரியடி மொழிபெயர்ப்பு அனுபவங்கள்

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவர்கள் ‘பொரோ’ (இரவல் வாங்கு), ‘லென்ட்’ (இரவல் கொடு) என்ற இரண்டையும் மாற்றி எழுதுவதைப் பற்றிச் சொல்வார்கள். நாங்கள் ‘இரவல்’ என்ற பெயரை வைத்துக்கொண்டு வாங்கு, கொடு என்று வினையை மட்டும் மாற்றிப் பழகியவர்கள். ஆங்கிலம் அந்த இரண்டு திசைக்கும் வெவ்வேறு சொல் வைத்திருப்பதால் பிள்ளைகள் தடுமாறுவது இயல்பு. ஆயினும் அயலாரிடம் வாங்கிய உலக்கையை அப்படியே திருப்பிக் கொடுத்தால் இரவல் என்றும், வாங்கிய அரிசியைச் செலவழித்துவிட்டு அதே அளவு வேறு அரிசி கொடுத்தால் கடன் என்றும் தமிழ் பிரித்துச் சொல்வதை, ‘பொரோ’ என்ற ஒரே சொல்லுக்குள் ஆங்கிலம் அடக்கிவிடுகிறது. வகுப்பறையில் இவ்வகைப் பிழைக்கு இரண்டு புள்ளி குறையும். மொழிபெயர்ப்பாளனான என் மேசையில் நேரும் பிழைக்கு மற்றவர்கள் மாதக்கணக்கில் அலைய வேண்டிவருகிறது.

யாழ்ப்பாணம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அண்மையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாகத் தொழில் செய்கிறேன். தொழில் தொடங்கிய காலத்தில் கோண்டாவிலைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், வெளிநாட்டில் இருந்த தம் அண்ணா பணம் அனுப்பிப் படிப்பிப்பதாகக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். நானும் யோசிக்காமல் ‘பிரதர்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவருடைய குடும்ப விபரப் படிவத்திலோ பெற்றோருக்கு அவரும் ஒரு தங்கையும் மட்டுமே பிள்ளைகள். இல்லாத சகோதரன் எங்கிருந்து வந்தான் என்று விசா அலுவலகம் விளக்கம் கேட்டது. அவர் அந்தத் தவணைக்குப் படிக்கப் போக முடியவில்லை. அந்த அண்ணா, பெரியப்பாவின் மகன். ஆங்கிலத்தில் அவர் ‘கசின்’. ‘ஒன்றுவிட்ட’ என்ற அழகான அடைமொழி நம்மிடம் இருக்கிறது. ஆனால் ஒரே முற்றத்தில் வளர்ந்தவரை ஒன்றுவிட்ட அண்ணா என்று அழைக்க எவருக்கு வாய் வரும்? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவன் நான். கேட்காமல் விட்டது என் பிழை.

அன்றிலிருந்து உறவுப்பெயர் வந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டு முதலில் கேள்வி கேட்கிறேன். ‘மச்சான்’ என்றால் கேள்விகள் கூடும்: மாமி மகனா, மனைவியின் சகோதரனா, அக்காவின் கணவனா, அல்லது கூடப் படித்த சிநேகிதனா? முதலாமவர் ‘கசின்’, அடுத்த இருவரும் ‘பிரதர் இன் லோ’, நான்காமவர் உறவே இல்லை. மாமி மகனே அக்காவை மணந்திருந்தால் இரண்டு சொல்லும் அவருக்குப் பொருந்தும், அப்போது இரண்டையும் எழுதுவதே நேர்மை. தந்தையின் இரண்டாம் தாரத்துப் பிள்ளை ‘ஹாஃப் பிரதர்’ என்பதும், அந்தத் தாரம் முன்னைய மணத்திலிருந்து அழைத்துவந்த பிள்ளை ‘ஸ்டெப் பிரதர்’ என்பதும் இரத்தத் தொடர்பு உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வியில் தெளிந்துவிடும்.

‘அகதி’ என்ற சொல்லில் நான் பட்ட பாடு இதைவிடப் பெரியது. கொக்குவிலைச் சேர்ந்த தாயார் ஒருவர், வெளிநாட்டில் தஞ்சம் கோரியிருந்த மகனின் வழக்குக்காக வாக்குமூலம் தந்தார். போரினால் யாழ்ப்பாணத்தவர் பெருந்திரளாக இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில் ஓரடி வைப்பதற்கு ஒரு மணித்தியாலம் போனதுபோல இருந்ததென்றும், அகதியாகச் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோமென்றும் அவர் சொன்னதை எழுதுகையில், ‘ரெஃபியூஜி’ என்று இட்டேன். சில கிழமைகளில் மகனின் சட்டத்தரணியிடமிருந்து கேள்வி வந்தது: “உங்கள் குடும்பம் அகதியாகச் சென்ற நாடு எது?”

கதி இல்லாதவர் அகதி. அந்தச் சொல்லுக்குள் எல்லைக்கோடு எதுவும் இல்லை. போக்கிடம் இல்லாமல் நிற்கும் நிலை மட்டுமே இருக்கிறது. ‘ரெஃபியூஜி’ அப்படியல்ல. 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி, இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்பவற்றில் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படலாம் என்ற நியாயமான அச்சத்தால் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவரே அவர். நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர் ‘டிஸ்பிளேஸ்ட்’. அவர்களுக்கென ஐக்கிய நாடுகள் சபை 1998இல் வெளியிட்ட வழிகாட்டும் கோட்பாடுகள், சர்வதேச எல்லையைக் கடக்காதவர்கள் என்றே அவர்களை வரையறுக்கின்றன. பாக்கு நீரிணையைக் கடந்து மண்டபம் முகாமுக்குப் போனவர்களுக்கு ஒரு சொல், நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு வேறொரு சொல். நாங்கள் இருசாராரையும் அகதி என்றே அழைத்தோம். அந்த மகனோ, விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை ‘அசைலம் சீக்கர்’, தஞ்சம் கோருபவர். ஒரே குடும்பத்துக்கு இரண்டு சொற்களை ஒரே பக்கத்தில் எழுதித் திருத்திக் கொடுத்தேன். அந்தத் தாயாருக்கு அதைத் தமிழில் விளங்கப்படுத்தியபோது, “எங்கட ஊருக்குள்ளேயே அலைஞ்சால் அதுக்குப் பேர் வேறயோ, தம்பி?” என்று கேட்டார். ஓம் அம்மா என்றேன். வேறு என்ன சொல்வது?

சட்டம் நாளடைவில் தமிழைக் கேட்டு வளர்ந்ததோ என்று நினைக்கவைக்கும் ஒரு சொல்லும் உண்டு. காணாமல் போனவருக்கும் காணாமல் ஆக்கப்பட்டவருக்கும் உள்ள வேறுபாட்டை நம் இலக்கணம் ஒரு துணைவினையில் காட்டிவிடுகிறது: ‘போ’ என்றால் தானாக, ‘ஆக்கு’ என்றால் செய்தவன் ஒருவன் உண்டு. ஆங்கிலத்தில் ‘மிஸ்ஸிங்’ என்றால் ஆள் இருக்குமிடம் தெரியவில்லை என்பதோடு சரி. ‘டிஸப்பியர்’ செயப்படுபொருள் ஏற்காத வினையாகவே பெரிதும் வழங்கிவந்தது. ஒருவரைப் பிறர் ‘டிஸப்பியர்’ செய்தார்கள் என்ற வழக்கு, 1970களில் இலத்தீன் அமெரிக்க நாடுகளில் ஆட்கள் கடத்தப்பட்டபோது ஸ்பானிய மொழியின் வழியாக ஆங்கிலத்தில் பரவியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவர், காணாமல் ஆக்கப்பட்ட தம் மகனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுவிக்க வந்தார். இலங்கையில் 2016இன் சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் இல்லாமலேயே ஆள் காணப்படவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் பெறலாம். அதன் ஆங்கிலப் பெயரில் ‘அப்சன்ஸ்’ என்ற சொல் இருக்கிறது. அதை வாசித்துக் காட்டியதும் அவர், “பள்ளிக்கூடத்தில் இடாப்பில போடுற அப்சன்ட்டோ?” என்று கேட்டார். வேர் ஒன்றுதான், ஆனால் இது சட்டச் சொல், இறந்துவிட்டார் என்று எழுதாமல் குடும்பம் காணி, வங்கி அலுவல்களைப் பார்க்க உதவுவது என்று விளக்கினேன். “சான்றிதழில் அவை என்னவும் எழுதட்டும், கடிதத்தில் ஆக்கப்பட்ட எண்டு வரவேணும்” என்றார்.

அவ்வாறே செயப்பாட்டு வினையில் எழுதித் தட்டச்சுக்குக் கொடுத்தேன். தட்டச்சு செய்த தங்கச்சி நன்றாகப் படித்த பிள்ளை. இலக்கணப் பிழை என்று எண்ணி ‘வாஸ்’ என்ற துணைவினையை எடுத்துவிட்டிருந்தாள். கையெழுத்துக்கு முன் வாசித்தபோதுதான் கண்டேன். அந்த மூன்று ஆங்கில எழுத்து இல்லாத வாக்கியத்தில் அவருடைய மகன் தானாகவே எங்கோ போயிருந்தான். மறுபடி தட்டச்சு செய்வித்து, அந்தச் சொல்லின் கீழே விரலை வைத்து அவருக்குக் காட்டினேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அவர் அந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, மகனின் படம் இருந்த பொலித்தீன் உறைக்குள் கடிதத்தை மடிக்காமல் வைத்தார்.