வயதானால் நகம் ஏடு ஏடாகப் பிரிவது ஏன்?

கேள்வி:
அம்மாவுக்கு 67 வயது. கைவிரல் நகங்களின் நுனி ஏடு ஏடாக உரிந்து புடவை நூலில் சிக்குகிறது. நீளவாக்கில் கோடுகளும் இருக்கின்றன. கால்சியம் மாத்திரை ஆரம்பிக்கலாமா? வீட்டில் பாத்திரம் தேய்ப்பது, துணி அலசுவது எல்லாம் அவர்தான்.

மறுமொழி 1:
கோடுகள் நரைமுடி மாதிரி வயதோடு வருபவை, விட்டுவிடுங்கள். அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினால் நகம் மெலிந்து இன்னும் பிளக்கும்.

நுனி உரிவதற்குக் காரணம் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. நகம் நீரில் ஊறி உப்பும், காயும்போது சுருங்கும். தினமும் பலமுறை இது நடந்தால் நகத்தின் புரதமான கெரட்டின் அடுக்குகளின் பிடிப்பு விட்டுப்போகும். நகத்தில் கால்சியம் சொற்பம்தான். எலும்புக்கென்று மருத்துவர் சொன்னால் சாப்பிடட்டும்.

பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை, அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறை. வெறும் ரப்பர் என்றால் வியர்வையிலேயே ஊறும். இரவில் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் கையை வைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் வாஸலினோ 10% யூரியா க்ரீமோ தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் சரி. ஆனால் காய்ந்த நகத்தில் தடவிப் பெரிய பலனில்லை. உள்ளே போன ஈரத்தைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை.

மறுமொழி 2:
நகத்தைக் குளித்தபின் வெட்டுங்கள், காய்ந்திருந்தால் தெறித்துப் பிளக்கும். பிசிறை அரத்தால் ஒரே திசையில் இழுங்கள். நகத்தின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை வெட்டவே கூடாது. அந்த அடைப்பு போனால் தண்ணீரும் கிருமியும் இறங்கி நகச்சுற்று வரும். சர்க்கரை நோய் இருந்தால் இதில் கூடுதல் கவனம்.

கேட்டவர்:
நன்றி. பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை கொடுக்கலாமா?

மறுமொழி 3:
தினம் 2.5 மி.கி. சிலருக்கு உதவியதாகச் சிறு ஆய்வுகள் உண்டு, ஆதாரம் வலுவில்லை. பெரிய சிக்கல் வேறு: தைராய்டு பரிசோதனையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் தவறான முடிவு காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் எச்சரித்தது இதைத்தான். சாப்பிட்டால் ரத்தம் கொடுக்குமுன் ஆய்வகத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் அளவு), தைராய்டு பாருங்கள். நகம் கரண்டிபோல் குழிந்து, ஒரு சொட்டு நீர் அதில் தங்கினால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும்.

கைநகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளரும், முதுமையில் இன்னும் மெதுவாக. ஆறு மாதமாவது பொறுங்கள். ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: ஒரே ஒரு விரலில் புதிதாகக் கருங்கோடு தோன்றி அகலமானாலோ, கருமை தோலுக்குப் பரவினாலோ உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.