நான்கரை வயது மகளுடன் மே மாதத்தில் ஜப்பான்: எத்தனை ஊர்கள் போதும்?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் மகளும் வரும் மே மாத விடுமுறையில் ஜப்பான் செல்லத் தீர்மானித்திருக்கிறோம். மகளுக்கு நான்கரை வயது, எல்.கே.ஜி. முடிக்கப் போகிறாள். நாங்கள் முட்டை சாப்பிடுவோம். மீனும் இறைச்சியும் தொடுவதில்லை. பயண முகவர் ஒருவர் கொடுத்திருக்கும் திட்டத்தில் டோக்கியோ, ஹக்கோனே, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா என ஆறு ஊர்கள் இருக்கின்றன. ஏறக்குறைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடுதி மாற வேண்டியிருக்கிறது. கியோட்டோவின் கோயில்களைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் விருப்பம். எனக்கோ குழந்தை சோர்ந்து போய்விடுவாளோ என்ற கவலை.

இந்த ஆறு ஊர்களில் எவற்றை விடலாம், ஜே.ஆர். பாஸ் என்ற ரயில் பயணச் சீட்டை வாங்குவது லாபமா, தள்ளுவண்டி எடுத்துச் செல்ல வேண்டுமா, குழந்தைக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். குளிர்காற்று பட்டால் அவளுக்குச் சில நேரம் வீசிங் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எடோகாவாவாசி எழுதியது:

வணக்கம் சகோதரரே. நான் டோக்கியோவின் எடோகாவா வட்டத்தில் வசிக்கிறேன்; என் மகனும் இதே வயதைக் கடந்து வந்தவன். எந்த ஊர் என்று முடிவு செய்வதற்கு முன் எந்தத் தேதி என்று முடிவு செய்யுங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான நாட்களில் இங்கே அரசு விடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால், அதைச் சுற்றிய வாரம் முழுவதும் நாடே ரயிலில்தான் இருக்கும். விடுதிக் கட்டணமும் மிகவும் உயர்ந்துவிடும். ஜூன் தொடக்கத்தில் மழைக்காலம் ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே மே 8 வாக்கில் தொடங்கி அந்த மாத இறுதிக்குள் திரும்பிவிடுவது போல அமைத்துக்கொண்டால், நம் ஊர்ப் பள்ளி விடுமுறைக்கும் பொருந்தும், வெயிலோ குளிரோ குழந்தையை வாட்டாது.

அடுத்தது நேர வித்தியாசம். ஜப்பான் நேரம் இந்திய நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால் இருப்பதால், வீட்டில் காலை ஏழு மணிக்கு விழிக்கும் குழந்தைக்கு இங்கே விழிப்பு வரும்போது பத்தரை ஆகியிருக்கும். இரவிலும் பன்னிரண்டரைக்கு முன் அவளுக்குத் தூக்கம் வராது. கூட்டம் வருவதற்கு முன் அதிகாலையிலேயே கோயிலுக்குப் போய்விடுங்கள் என்று எல்லோரும் சொல்லும் அறிவுரை, நல்லதுதான் என்றாலும், முதல் மூன்று நான்கு நாட்களுக்கு உங்கள் வீட்டில் எடுபடாது. அதனால்தான் டோக்கியோவை முதலில் வையுங்கள் என்கிறேன். இங்கே பதினொரு மணிக்குக் கிளம்பினாலும் எதையும் இழக்க மாட்டீர்கள். தவிர, காலை ஏழரை முதல் ஒன்பது வரை ரயில்களில் இருக்கும் நெரிசலில் குழந்தையுடன் ஏறவே கூடாது. அவளது உடல் இந்த ஊர் நேரத்துக்குப் பழகிய பிறகு கியோட்டோ சென்றால், உங்கள் மனைவி விரும்பும் கோயில்களை அதிகாலை அமைதியில் பார்க்க முடியும்.

டோக்கியோவில் உயேனோ பூங்காவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அங்குள்ள உயிரியல் பூங்கா 1882-இல் தொடங்கியது; ஜப்பானில் இதுவே மிகப் பழமையானது. தொடக்கப் பள்ளி வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. எங்கள் பகுதியில் கடலோரமாக இருக்கும் கசாய் ரிங்காய் பூங்காவின் மீன் காட்சியகத்தில், மிகப் பெரிய தொட்டியில் சூரை மீன்கள் கூட்டமாகச் சுற்றி வருவதைப் பிள்ளைகள் அசையாமல் நின்று பார்ப்பார்கள். அதற்குப் புதன்கிழமை விடுமுறை. அருகிலுள்ள நிஷிகசாயில் இந்தியக் குடும்பங்கள் நிறைய இருப்பதால், நம் சமையல் பொருள்களும் இந்திய உணவகங்களும் கிடைக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கும் உடோன் நூடுல்ஸ், மிசோ சூப், ஏன், முட்டைச் சுருள் வரை பெரும்பாலானவற்றில் தாஷி என்ற சாறு சேர்ந்திருக்கும். உலர்த்திய சூரை மீனைச் சீவி, கொதிநீரில் இட்டு எடுக்கும் சாறு அது. பரிமாறுகிறவர்கள் அதை மீனாகவே கருதுவதில்லை என்பதால், மீன் இல்லை என்று மனதறிந்து உண்மையாகவே சொல்வார்கள். தாஷியில் மீன் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். குழந்தைக்கு இதைவிட எளிய வழி உண்டு. இந்த ஊர் அரிசி குழைவாகவும் ஒட்டும் தன்மையோடும் இருக்கும். மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிடும் வெறும் சோறு எல்லாப் பல்பொருள் அங்காடிகளிலும் டப்பாவில் கிடைக்கிறது. சர்க்கரை சேர்க்காத தயிரும் கிடைக்கிறது. இரண்டையும் பிசைந்து உப்புப் போட்டால் அருமையான தயிர்சாதம். வாழைப்பழமும் பாலும் லாசன், செவன் இலெவன் என்ற தெருமுனைக் கடைகளில் எல்லாம் உண்டு. சமையல் வசதியும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள அடுக்ககத்தை ஒவ்வோர் ஊரிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை எழுதியது:

நானும் குடும்பத்தோடு இதே பருவத்தில் சென்று வந்தவன் என்பதால், சகோதரி சொன்னதோடு ரயில், பெட்டி, வண்டி ஆகியவற்றைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். நாடு முழுவதற்குமான ஜே.ஆர். பாஸின் ஏழு நாள் சாதாரண வகுப்புக் கட்டணம் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரு வழிக் கட்டணம் சுமார் 14,000 யென்தான். போய்வர மட்டும் என்றால் பாஸ் வாங்குவது வீண் செலவு. கியோட்டோவை முடித்துக்கொண்டு ஒசாகா கன்சாய் விமான நிலையத்திலிருந்தே ஊர் திரும்பினால் அந்தத் திரும்பும் பயணமும் இல்லை. டோக்கியோவில் இறங்கி ஒசாகாவில் ஏறுவது போல விமானச் சீட்டு எடுக்க முடியுமா என்று முகவரிடம் இப்போதே கேளுங்கள்.

ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை பெரியவரின் மடியில் இருந்தால் கட்டணம் கிடையாது. தனி இருக்கை வேண்டுமென்றால் பாதிக் கட்டணம். அதில் நொஜோமி என்ற விரைவு வகையில் கியோட்டோ செல்ல இரண்டே கால் மணி நேரம் ஆகும் என்பதால், உங்கள் மகளுக்குத் தனி இருக்கை எடுத்துவிடுவதே நல்லது. கியோட்டோ நோக்கிச் செல்லும்போது ஃபூஜி மலை வலப்பக்கம் தெரியும். E என்று குறியிட்ட சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கி, கிளம்பி முக்கால் மணி ஆகும்போது அவளை அங்கே உட்கார வையுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு இடம் முன்பதிவு செய்ய வேண்டும். நாங்கள் பெட்டிகளை முந்தின நாள் விடுதியிலேயே ஒப்படைத்து, கூரியர் வழியாக அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டோம். தக்யூபின் என்று கேட்டால் எல்லா விடுதிகளுக்கும் தெரியும். பொதுவாக மறுநாள் போய்ச் சேரும். ஓர் இரவுக்கான துணியும் மருந்தும் கைப்பையில் இருந்தால் போதும். குழந்தையின் கையைப் பிடிக்க உங்கள் இரண்டு கைகளும் காலியாக இருக்கும்.

தள்ளுவண்டி கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரே கையால் மடிக்கக்கூடிய, எடை குறைந்த ஒன்றாக இருக்கட்டும். நான்கரை வயதுக் குழந்தை காலையில் ஓடுவாள். மாலையில் ஓரடி நடக்க மாட்டாள். நாராப் பூங்காவில் வண்டி நன்றாக உருளும். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயில் இருப்பது 233 மீட்டர் உயர மலையில், வழியெல்லாம் படிகள் என்பதால் அன்று வண்டியை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். சிவப்பு வாயில்கள் நெருக்கமாக வரிசையிட்டு நிற்கும் இடம் அடிவாரத்திலிருந்து சிறிது தூரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் மனம் நிறையும். கோயில்களுக்கு நடுவே அவளுக்கென்று ஒரு நாள் வேண்டுமென்றால் கியோட்டோ ரயில்வே அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். 1914-இல் கட்டப்பட்ட அரைவட்டக் கொட்டகையில் நீராவி எஞ்சின்கள் வரிசையாக நிற்கின்றன.

நாராவில் ஓர் எச்சரிக்கை. மே நடுவிலிருந்து, பூங்காவில் திரியும் மான்கள் குட்டி போடும் காலம். குட்டியை நெருங்கினால் தாய்மான் பாய்ந்துவிடும். மான்களுக்கான பிஸ்கட்டைக் குழந்தையின் கையில் கொடுக்காமல் நீங்களே கொடுங்கள். தீர்ந்ததும் இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினால் மான்கள் விலகிப் போகும். தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் வெண்கலப் புத்தருக்கு 752-ஆம் ஆண்டில் கண் திறந்து வைத்தவர், இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. நம் கோயில்களிலும் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு உண்டு என்பதால், அங்கே நின்றபோது எனக்கு உடல் சிலிர்த்தது. உங்கள் மனைவிக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வைகை எழுதியது:

ஹிரோஷிமாவை நீக்கத்தான் சொல்வீர்கள் என்று தெரிந்தாலும், பெரியவர்கள் வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டிய ஊர் என்பதால் எழுதுகிறேன். நேரம் இருந்தால் செல்லுங்கள். ஆனால் அமைதி நினைவு அருங்காட்சியகத்தின் முதன்மைக் கூடத்துக்குள் மகளை அழைத்துச் செல்ல வேண்டாம். தீயில் கருகிய பிள்ளைகளின் உடைகளும் காயம்பட்டவர்களின் படங்களும் அங்கே இருக்கின்றன. ஒருவர் உள்ளே செல்லும்போது மற்றவர் ஆற்றோரப் பூங்காவில் அவளை விளையாட வைத்து, பிறகு மாறிக்கொள்ளலாம். அதற்கு மனம் ஒப்பவில்லையென்றால், அவள் வளர்ந்த பிறகு குடும்பமாகச் செல்வதே சரி.

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மே 9 அன்று கிளம்பி, டோக்கியோ, கியோட்டோ என்று இரண்டே ஊர்களில் தங்குவதென்றும், நாராவுக்கு மட்டும் கியோட்டோவிலிருந்து பகலில் சென்று திரும்புவதென்றும் பேசி முடித்துவிட்டோம். ஹிரோஷிமாவை அவள் வளரும் வரை தள்ளி வைக்கிறோம். ஹக்கோனே மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. மேலும் வீசிங்குக்கு நெபுலைசர் எடுத்துச் செல்லலாமா?

எடோகாவாவாசி எழுதியது:

ஹக்கோனேயில் ரோப்கார் நிற்கும் ஓவாக்குதானியில் எரிமலையின் கந்தக வாயு தொடர்ந்து வெளியேறுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் தவிர்க்குமாறு அங்கேயே அறிவிப்பு உண்டு. வீசிங் வரும் குழந்தையை அங்கே அழைத்துச் செல்லாதீர்கள். ஃபூஜியை ரயிலில் இருந்தே பார்க்கலாம்.

நெபுலைசரைப் பொறுத்தவரை, இங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரின் 230 வோல்ட் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யாது. மருத்துவரிடம் கேட்டு, ஸ்பேசரோடு கூடிய இன்ஹேலருக்கு இப்போதிருந்தே குழந்தையைப் பழக்குங்கள். மருந்துகளை ஒரு மாத அளவுக்கு மிகாமல், மருத்துவரின் சீட்டோடும் அசல் அட்டைப்பெட்டியோடும் கொண்டு வாருங்கள். சளி மருந்துகளில் மட்டும் கவனம் தேவை: சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள எதையும் ஜப்பானுக்குள் கொண்டுவரச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 119.