அப்பாவின் கல்லீரல் புற்றுநோய்: அறுவை சிகிச்சைக்கு வழி உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. பழைய ஹெபடைடிஸ் பி தொற்றால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்படுவது) வந்து, இப்போது கல்லீரலின் வலப்பக்கம் 8 செ.மீ. கட்டி. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் வலது கிளைக்குள்ளும் அது புகுந்திருக்கிறது. நுரையீரல், எலும்பு, அட்ரீனல் சுரப்பிக்குப் பரவவில்லை என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கல்லீரல் மாற்று அறுவைக்கு 1996இல் வந்த மிலன் அளவுகோலைப் பார்க்கிறார்கள். ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக்குழாயில் புகுந்திருக்கவும் கூடாது. அப்பா அதில் அடங்கவில்லை. சரி, கட்டியை வெட்டி எடுக்கலாமா என்றால், சிரோசிஸ் உள்ளவருக்குக் குறைந்தது 40 சதவீதக் கல்லீரலாவது மிஞ்ச வேண்டுமாம்.

ஒரு மருத்துவர், தமனி வழியாகக் கதிரியக்க மணிகளைச் செலுத்தி, கட்டி சுருங்கி, மிஞ்சப்போகும் இடப்பக்கக் கல்லீரல் வளர்ந்தால் அறுவை செய்யலாம் என்கிறார். இன்னொருவர் நேராக இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் மருந்து) என்கிறார். எங்களுக்குத் தலை சுற்றுகிறது.

சிரைக்குள் கட்டி புகுந்த பிறகும் அறுவைக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை மாதம் காத்திருந்தீர்கள்? அப்புறம், வயிற்றில் நீர் கோத்ததா, மஞ்சள் காமாலை வந்ததா? கசப்பான அனுபவமாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். வியாழக்கிழமை முடிவு சொல்ல வேண்டும்.