விஆர்ல பேக்கரி கட்டினா ஜெர்மன் வருமா?

பீளமேடு_கோடர்:
மூணு மாசமா ராத்திரி உக்காந்து ஒரு விஆர் (கண்ணுல மாட்டுற ஹெட்செட்ல தெரியற 3டி உலகம்) ஆப் பண்ணிட்டு இருக்கேன், ஜெர்மன் கத்துக்க. ஹெட்செட்ட மாட்டினா நேரா ஒரு பேக்கரி கவுன்டர் முன்னாடி நிப்பீங்க, பின்னாடி நாலு பேர் வரிசையில, கடைக்காரம்மா என்ன வேணும்னு கேப்பாங்க, நீங்க வாயத் தொறந்து ஜெர்மன்ல சொல்லியே ஆகணும். அடுத்து ஸ்டேஷன், சூப்பர் மார்க்கெட், டாக்டர் ரூம்னு ஒரு சின்ன ஊரே கட்டப் போறேன். என் தம்பி ஃபோன் ஆப்ல ஒரு வருஷத்துக்கு மேல ஒரு நாள் விடாம தட்டிட்டு இருக்கான், ஆபீசுக்கு ஜெர்மன்காரர் வந்தப்ப ஹலோவுக்கு மேல ஒண்ணும் வரல. அதான் ஆரம்பிச்சேன். கழுவி ஊத்தினாலும் பரவால்ல, சொல்லுங்க.

டாய்ச்_டீச்சர்:
கேட்டுட்ட, ஊத்துறேன் தம்பி. 14 வருஷமா ஜெர்மன் எடுக்கறேன், என்கிட்ட வர்ற முக்கால்வாசிப் பேர் நர்சிங் முடிச்ச பிள்ளைங்க, அங்க போய் நர்சா வேலை பாக்கணும்னா பி2ங்கற லெவல் ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணணும். பன் வாங்க யாரும் என்கிட்ட வரல. சாப்பாட்டு மேஜைய எடுத்துக்கோ, ஸ்பூன் ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ரெண்டும் இல்ல. டேர் லொஃபல், டீ காபல், தாஸ் மெசர். உன் 3டி ஸ்பூன் பளபளன்னு சுத்தும், அது டேரா தாஸான்னு அதுக்கு மேலயா எழுதியிருக்கும்? கூகுள் கார்ட்போர்ட்னு ஃபோனச் சொருகற அட்டை விஆர் கண்ணாடி 2014ல வந்தப்பவும் இப்படித்தான் குதிச்சாங்க, ஸ்கூல்ல காட்டுற எக்ஸ்பெடிஷன்ஸ் ஆப்ப 2021 ஜூன்ல இழுத்து மூடிட்டாங்க.

பீளமேடு_கோடர்:
மேடம் அதுக்கும் வழி வச்சிருக்கேன். "கிப் மியர் டென் லொஃபல்"னு (ஸ்பூனக் குடு) சரியா கேட்டாத்தான் ஸ்பூன் கைக்கு வரும், "ஸ்பூன"னு கேக்கறப்ப டேர் டென்னா மாறணும், மாத்தாம டேர்னு சொன்னா வராது. கையும் வாயும் சேர்ந்து வேலை செஞ்சா மனசுல நிக்கும். 2018ல மேரிலாண்ட் யுனிவர்சிட்டில 40 பேர வச்சுப் பாத்தாங்க, ஒரு மாளிகைக்குள்ள படங்கள வச்சு எது எங்க இருந்துச்சுன்னு கேட்டாங்க, சாதா கம்ப்யூட்டர விட ஹெட்செட்ல 8.8% அதிகம் சரியா சொன்னாங்க.

டாய்ச்_டீச்சர்:
அது வார்த்தை இல்லப்பா, பிரபலமானவங்க மூஞ்சி. அதுவும் அப்பவே பாத்து அப்பவே கேட்டது. என் பிள்ளைங்களுக்கு ஆறு மாசம் கழிச்சு நிக்கணும். அப்புறம் அந்த ஸ்பூன் விஷயத்துல பாத்து நடந்துக்கோ, ஜெர்மன்ல "ஸ்பூனக் குடுத்துட்டான்"னா மண்டையப் போட்டுட்டான்னு அர்த்தம் 😄

ஷிப்ட்_முடிஞ்சவ:
இப்பத்தான் நைட் ஷிப்ட் முடிச்சு வந்தேன், ஜெர்மனில ஸ்டுட்கார்ட் பக்கம் நர்சா இருக்கேன். டீச்சர் சொல்றது சரி, ஆனா பன் விஷயத்துல தம்பி பக்கம்தான் நான். பி2 பாஸ் பண்ணிட்டுத்தான் வந்தேன். முத வாரம் பேக்கரிக்குப் போனா போர்டுல "வெக்லே"ன்னு போட்டிருக்கு, புக்ல படிச்சதோ ப்ரோட்ஷன். பெர்லின்ல அதே பன் ஷ்ரிப்ப, முனிச்ல செம்மல் (செக்கிழுத்த செம்மல் இல்ல). எனக்குப் பின்னாடி நின்னவர் ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்க, அத்தோட இருந்த ஜெர்மனும் போச்சு, விரல நீட்டிக் காமிச்சு வாங்கிட்டு வந்தேன். இன்னொண்ணு, "ஹால்ப் ட்ரை"க்கு வாங்கன்னாங்க, அரை, மூணுன்னு காதுல விழுந்ததால மூன்றரைக்குப் போய் நின்னேன், அது ரெண்டரை! இலக்கணம் தெரியாம இல்லக்கா, பின்னாடி ஆள் நிக்கும்போது அது வாய்க்கு வராது, அந்தப் பயத்த கிளாஸ்ல எப்படிப் பழகுறது?

ஆனா தம்பி, உன் கடைக்காரம்மா ஸ்டுடியோல ரெக்கார்ட் பண்ணின குரல்ல பேசினா தூக்கிப் போட்டுரு. என் வார்டுல 85 வயசு தாத்தா பல்செட்டக் கழட்டி வச்சுட்டு வட்டார வழக்குல முனகுவார், பக்கத்துல மெஷின் பீப் பீப்னு. இன்னமும் எனக்குக் கை நடுங்கறது எதுக்குத் தெரியுமா, டாக்டருக்கு ஃபோன் பண்றதுக்குத்தான். மூஞ்சி தெரியாது, கை காமிக்க முடியாது. அதப் பழக ஹெட்செட்டே வேணாம்.

தலசுத்தல்:
நான் விஆர் கேம் பண்றவன். ப்ரோ அந்த ஊரக் கட்டாதீங்க. கைல இருக்கற கன்ட்ரோலர் ஸ்டிக்கத் தள்ளி நடக்க விட்டா கண்ணு நடக்குதுங்கும், பேலன்ஸ் பாக்கற உள்காது உக்காந்திருக்கேங்கும், புதுசா மாட்டுறவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல குமட்டும். செகண்டுக்கு 72 ஃப்ரேம் ஓடணும்னா ஒவ்வொண்ணுக்கும் 14 மில்லி செகண்ட்கூட முழுசா இல்ல, வரிசையில நாலு பேர், கண்ணாடிக்குள்ள அறுபது பன்னு, தாங்காது. கவுன்டர் முன்னாடி நின்ன இடத்துலயே நிக்க வைங்க. குவெஸ்ட் 3 ஹெட்செட்டே அரைக்கிலோவுக்கு மேல, 15 நிமிஷத்துல முடியற மாதிரி சீன் வைங்க. விலைப் பலகைல எழுத்தப் பெருசாப் போடுங்க, பார்வைல ஒரு டிகிரி அகலத்துக்கு அதுல 25 பிக்சல்தான் கிடைக்கும், நல்ல கண்ணுக்கு 60 வேணும்.

அதவிடப் பெரிய பிரச்சன, பதில் வர்ற நேரம். மனுசங்க பேசும்போது ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்க சராசரியா 200 மில்லி செகண்டுதான், 10 மொழிய வச்சு 2009ல பாத்திருக்காங்க. நீங்க பேச்ச எழுத்தாக்கி, ஏஐக்கு அனுப்பி, திரும்ப குரலாக்கி வர ஒண்ணு ரெண்டு செகண்ட் ஆகும், அது வரைக்கும் அந்தம்மா பொம்மையாட்டம் முழிச்சிட்டு நிக்கும். அந்த கேப்ல பையப் பிரிக்கற மாதிரி, "மொமென்ட்"னு சொல்ற மாதிரி ஏதாச்சும் பண்ண வைங்க. ஆமா, அந்த டேர் டென் மேட்டர டெஸ்ட் பண்ணீங்களா? எழுத்தாக்குற மாடலுங்க தப்பத் திருத்தி எழுதிடுமே.

பீளமேடு_கோடர்:
நேத்து நைட் டெஸ்ட் பண்ணினேன். வேணும்னே "கிப் மியர் டேர் லொஃபல்"னு 20 தடவ சொன்னேன். 17 தடவ "டென்"னு எழுதிடுச்சு. ஸ்பூன் ஜம்முனு கைக்கு வந்துச்சு 🤦

டாய்ச்_டீச்சர்:
அதத்தான் முதல்லருந்து சொல்றேன்! தப்பப் பிடிக்காத வாத்தியார் எதுக்கு? நான் அந்த டேர கேட்ட மாத்திரத்துல ஸ்கேலத் தூக்குவேன்.

ஷிப்ட்_முடிஞ்சவ:
அக்கா, பேக்கரிக்காரிகிட்ட டேர்னு சொன்னாலும் பன் குடுப்பா. அங்க யாரும் ஸ்கேலத் தூக்கல.

டாய்ச்_டீச்சர்:
பேக்கரில குடுப்பா, பரீட்சைல மார்க்க யாரும்மா குடுப்பா? அதுல பேசற பகுதியும் ஒரு ஆளோட சேர்ந்து பண்றது, பொம்மையோட இல்ல.

பீளமேடு_கோடர்:
சரி மேடம், இலக்கணத்துல தோத்துட்டேன், ஸ்பூன் சீனத் தூக்கறேன். ஊரும் வேணாம். ஒரே கவுன்டர், பின்னாடி வரிசை, இரைச்சல், வெக்லேன்னாலும் செம்மல்னாலும் ஷ்ரிப்பன்னாலும் பன் வரும், திக்கினா பின்னாடி நிக்கறவர் பெருமூச்சு விடுவார். ஃபோன் கால் தனியா, சாதா மொபைல்லயே. ஹெட்செட் என்கிட்ட ஒண்ணு இருக்கு. உங்க ஸ்டூடன்ட்ஸ் ரெண்டு பேர ஞாயித்துக்கெழம அனுப்புவீங்களா?

டாய்ச்_டீச்சர்:
கிளாஸ்ல வாயே தொறக்காத பிள்ளைங்க ரெண்டு இருக்கு, அதுங்கள அனுப்பறேன். உன் பொம்மைகிட்ட பேசிட்டாங்கன்னா பாப்போம். வாந்தி எடுத்தாங்கன்னா ஆட்டோக்காசு நீதான் குடுக்கணும்.