பூப்பந்து (பேட்மிண்டன்) தவிர பிள்ளைகளுக்கு வேறு என்ன விளையாட்டு?

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். மகளுக்கு 10, மகனுக்கு 7. பூப்பந்துக்கு ஒரு வருடம் அனுப்பினோம், மகளுக்குப் பிடிக்கவே இல்லை, வகுப்புக்குக் கிளம்பும்போதே வயிற்றுவலி என்பாள். வற்புறுத்த மனமில்லை. இந்தப் பள்ளி விடுமுறையில் நான்கு பேரும் சேர்ந்தே புதிதாக எதையாவது கற்கலாம் என்று ஆசை. என்ன சொல்கிறீர்கள்?

பினாங்கு அம்மா:
ஸ்குவாஷ் ஆடிப் பாருங்கள், நான்கு சுவருக்குள் மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடுவது. எட்டு முறை உலகப் பட்டம் வென்ற நிக்கோல் டேவிட் எங்கள் ஊர்ப் பெண்தான்! ஆனால் பந்தைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு மஞ்சள் புள்ளி போட்ட பந்து அடித்து அடித்துச் சூடானால்தான் எழும்பும், என் மகன் முதல் நாள் அதை வைத்து அழுதே விட்டான். சிறுவர்களுக்கென்று கொஞ்சம் பெரிய பந்து இருக்கிறது, அது நன்றாக எழும்பும். பந்து கண்ணில் படாமல் காக்கும் கண்ணாடி கட்டாயம், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சிலம்பம் அண்ணன்:
அக்கா, நால்வரும் சேர்ந்து என்றால் சிலம்பம்தான். ஆளுக்கொரு பிரம்பு போதும். பிள்ளைகளுக்கு அவரவர் உயரத்துக்கு ஏற்ற கம்பு கொடுங்கள், நீளமானதைக் கொடுத்தால் மணிக்கட்டு வலித்து அவர்களே விட்டுவிடுவார்கள். முதல் சில வாரம் காலடி வைக்கும் பயிற்சிதான், பொறுமை வேண்டும்.

செந்தூல் அம்மா:
நன்றி! சிலம்பக் காணொளி காட்டினேன், மகள் இப்போது துடைப்பக் கட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை வகுப்பு பார்க்கப் போகிறோம். அப்புறம் ஸ்குவாஷும் பார்க்கலாம்.